பென்ஷன் ஒரு கதவு, நஷ்டஈடு இன்னொரு கதவு

2002 ஜூலை 10. ஜம்மு பகுதியில் சாம்பா என்ற ஊர். ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லையில் படைகளைக் குவித்திருந்த நேரம். உடல்நிலை மோசமாகி அங்கிருந்த 171 ராணுவ மருத்துவமனையில் சேர்ந்த விமானப்படை கார்ப்பரல் ஒருவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2014இல், அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் கூடிய மெடிக்கல் போர்டுகள், அன்று ஏற்றிய அந்த ஒரு யூனிட் ரத்தம்தான் காரணம் என்று எழுதின. எழுதியவர்கள் படையின் சொந்த மருத்துவர்கள்.

அவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்தும் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021இல் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. கவனக்குறைவுக்கு நிபுணர் சாட்சியம் இல்லையாம். 2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சம்பாத்திய இழப்புக்கு 86.73 லட்சம், மன வேதனைக்கு 50 லட்சம், எதிர்காலப் பராமரிப்புக்கு 18 லட்சம். வழக்குச் செலவு 5 லட்சம் தனி. விமானப்படையும் ராணுவமும் சேர்ந்தே பொறுப்பு என்றது. ஆறு வாரத்துக்குள் விமானப்படை கட்டிவிட வேண்டும், பாதியை ராணுவத்திடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு.

இந்தத் தீர்ப்பை "ராணுவ மருத்துவமனை மீதும் வழக்குப் போடலாம்" என்ற அளவில் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி ஒன்று அதில் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கு மேல், நிலுவையில் உள்ள டிஸெபிளிட்டி பென்ஷனையும் (பணியில் வந்த உடல் குறைபாட்டுக்கான மாத ஓய்வூதியம்) அதே ஆறு வாரத்தில் கொடுத்து முடிக்கச் சொன்னது நீதிமன்றம். அதாவது இரண்டும் வேறு வேறு பணம். ஒன்றை வாங்கினால் இன்னொன்று போய்விடாது. பணியில் அடிபட்டவர்களில் பலர் உரிமையைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். பென்ஷன் கிடைத்ததும் "அவ்வளவுதான், அரசாங்கம் கொடுத்துவிட்டது" என்று இருந்துவிடுவார்கள். இல்லையென்றால் மருத்துவரின் தவறுக்கு நஷ்டஈடு கேட்டு, படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளைப் பார்க்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய், இது எங்கள் வேலை இல்லை என்ற பதிலுக்காக இரண்டு மூன்று வருடத்தைத் தொலைப்பார்கள்.

டிஸெபிளிட்டி பென்ஷனில் யார் தவறு என்ற கேள்வியே எழாது. காயமோ நோயோ பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா என்பது மட்டும்தான் கேள்வி. நஷ்டஈட்டில் யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். கேள்வி வேறு, போகிற இடம் வேறு, காலக்கெடுவும் வேறு. ஆனால் இரண்டுக்கும் ஆதாரம், முதல் வாரத்தில் யூனிட்டிலும் மருத்துவமனையிலும் எழுதப்படும் அதே ஒருசில காகிதங்கள்.

முதலாவது ஐஏஎஃப்ஒய் 2006. ராணுவத்தில் விபத்துக் காயம் ஏற்பட்டால் போடும் இன்ஜுரி ரிப்போர்ட். காயத்தின் தன்மையை மருத்துவ அதிகாரி எழுதுவார். அடிபட்டபோது டியூட்டியில் இருந்தாரா, அவர் மீது தவறு உண்டா என்பதை யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் எழுதுவார். பிரச்சினை பெரும்பாலும் இரண்டாவது பகுதியில்தான். "பாரக்கில் வழுக்கி விழுந்தார்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதிகாலை உடற்பயிற்சிக்கு (பி.டி.) வரிசையில் நிற்கப் போகும் வழியில் விழுந்தார் என்பது அதில் இருக்காது. பதினைந்து வருடம் கழித்து, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் அந்த ஒரு வரியை வைத்துத்தான் "பணியோடு தொடர்பில்லை" என்று எழுதும். அதனால் அடிபட்டவர் கட்டிலில் கிடந்தாலும், தன்னுடைய வாக்குமூலத்தில் நேரம், இடம், யார் உத்தரவின் பேரில் எங்கே போய்க்கொண்டிருந்தார், கூட யார் இருந்தார்கள் என்ற நான்கையும் சொல்லி எழுதவைக்க வேண்டும். பெரிய காயம் என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற படையின் உள்விசாரணை நடக்கும். அதில் தன் நடத்தையின் மீது பழி விழும் நிலை வந்தால், விசாரணை முழுக்க உடனிருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் ராணுவ விதிகள் 1954இன் 180ஆம் விதி உரிமை தருகிறது. "உன்மேல் ஒன்றும் வராது, கையெழுத்துப் போடு" என்று சொல்வதைக் கேட்டு அந்த உரிமையை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது மருத்துவமனைக் காகிதம். டிஸ்சார்ஜ் ஸ்லிப் மட்டும் போதாது, சிகிச்சை விவரம் முழுக்க எழுதிய கேஸ் ஷீட் வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் ஆபரேஷன் நோட்ஸும் சம்மதப் படிவமும், ரத்தம் ஏற்றினார்கள் என்றால் ரத்தப் பையின் எண், பரிசோதனைப் பதிவு, ஏற்றிய நேரம். சாம்பா வழக்கில் பெரிய போராட்டமே இந்தப் பதிவுகளைத் தேடித்தான். பாதிக்கப்பட்டவர் கேட்டபோது பதிவுகள் கைக்கு வரவில்லை. நீதிமன்றம் அதை அவருக்கு எதிராக வைக்கவில்லை. படையின் கட்டுப்பாட்டில் இருக்கும் காகிதத்தைப் படைதான் காட்ட வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஏற்றிய ரத்தம் பாதுகாப்பானது என்பதற்கான முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நடந்ததே தவறைப் பேசுகிறது என்ற கோட்பாட்டின்படி, கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்கும் சுமை படையின் தலையில் ஏறியது. நிபுணர் சாட்சியம் எல்லா வழக்கிலும் தேவையில்லை என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் வி. கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று பெயர் தெரியவில்லையா? 2004 சவிதா கார்க் தீர்ப்பின்படி மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும்.

ஆனாலும் நீதிமன்றம் கருணை காட்டும் என்று நம்பிக் காகிதத்தைக் கோட்டைவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என்னுடைய கேஸ் ஷீட், மெடிக்கல் போர்டு நடவடிக்கை, இன்ஜுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி" என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாக "என் ஆவணங்கள் அனைத்தும்" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகவே பதில் வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியாக வராவிட்டால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். ஒரு சங்கதி: ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. அசாம் ரைஃபிள்ஸ், பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே ஊழலோ மனித உரிமை மீறலோ சம்பந்தப்பட்ட தகவல் என்று காட்டினால்தான் வழி.

இனி மெடிக்கல் போர்டு. பணியிலிருந்து வெளியே போகும்போது கூடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஆகட்டும், உடல் தகுதியில்லை என்று அனுப்பும் இன்வாலிடிங் போர்டு ஆகட்டும், ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 என்ற படிவத்தில் எழுதுகிறது. பல பக்கம் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் எதிரே பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, பணியோடு தொடர்பில்லையா என்று மூன்று கட்டம், பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம். மூன்றாவது கட்டத்தில் "ஆம்" விழுந்துவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: உடலமைப்பு சார்ந்த நோய். காரணமே எழுதாத போர்டுகளும் உண்டு.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில்தான் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. படையில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லையென்றால், சேரும்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார் என்றே கொள்ள வேண்டும், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே அனுமானிக்க வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது படையின் பொறுப்பு, போர்டு காரணம் எழுதியாக வேண்டும் என்றது. 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு ஒருபடி மேலே போய், குறைபாட்டைக் காட்டி வெளியே அனுப்பினால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது. 20 சதவீதம் என்பது பென்ஷனுக்கான வாசற்படி. 15 முதல் 19 வரை போட்டு அனுப்பும் போர்டுகளைப் பற்றி முன்னாள் படைவீரர்களிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

விடுமுறையில் அடிபட்டவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. விடுமுறையும் பணிக்காலம்தான், ஆகவே எந்த விபத்தும் கணக்கில் வரும் என்று நினைக்கிறார்கள். ஊரில் பைக்கில் போய் விழுந்ததற்கும் ராணுவப் பணிக்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பயணம் வேறு கதை. விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் விபத்தில் சிக்கியவருக்கு 1999 மதன் சிங் ஷேகாவத் வழக்கில் பென்ஷன் கிடைத்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தார் என்பதற்காக மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆகவே லீவ் சர்டிஃபிகேட்டும் ரயில் டிக்கெட்டும் குப்பைக்குப் போகக் கூடாத காகிதங்கள்.

பணம் எவ்வளவு என்று பார்ப்போம். 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிஸெபிளிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் குறைபாட்டுக்கான பகுதி, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். பணிக்காலத்துக்கான சர்வீஸ் எலிமென்ட் அதற்கு வெளியே தனி. கணக்குக்காக 60,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு மாதம் 18,000. போர்டு 30 சதவீதம் போட்டிருந்தால் நேர்க்கணக்கில் 5,400. இங்கேதான் பிராட்பேண்டிங் வருகிறது. 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், 76க்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். அப்போது அதே 30 சதவீதக்காரருக்கு 9,000. இதை முதலில் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் முடிவானது. பழைய பென்ஷன்தாரர்கள் தங்கள் பென்ஷன் உத்தரவை (பி.பி.ஓ.) எடுத்து எந்தச் சதவீதத்தில் கணக்குப் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கலாம். போர்க்களக் காயத்தோடு பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றால் 30க்குப் பதில் 60 சதவீதம். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருபவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. குறைபாட்டோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவர்களுக்கு "இம்பேர்மென்ட் ரிலீஃப்" என்று பெயரே மாறியிருக்கிறது. அவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது, புதிய விதியைப் பார்க்க வேண்டும்.

பென்ஷனை மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் துறைக்குள்ளேயே இருக்கும் குழுக்கள். பதிலே வராமல் ஆறு மாதம் ஓடிவிட்டால் காத்திருக்க வேண்டாம், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டவருக்குச் சென்னை அமர்வு. காலம் கடந்துவிட்டதே என்று பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு 2008 தர்சேம் சிங் தீர்ப்பு கைகொடுக்கும். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் பத்து வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். தாமதித்த ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்கில்தான் போகிறது. தீர்ப்பாயமும் கைவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்பதை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

நஷ்டஈடு என்ற இரண்டாவது கதவுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. 1950இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபெரஸ் வழக்கோடு சேர்ந்து வந்த இன்னொரு வழக்கில், ராணுவ மருத்துவமனை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு சிப்பாயின் வயிற்றிலிருந்து துண்டு ஒன்றை எடுத்தார்கள். 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், அதன் மேல் ராணுவ மருத்துவத் துறையின் முத்திரை. அதற்கும் வழக்குப் போட முடியாது, பணியோடு தொடர்புடைய காயம் என்றார்கள். 2019 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம்கூட ராணுவ மருத்துவக் கவனக்குறைவுக்குப் பாதுகாப்புத் துறையிடமே மனுப் போடத்தான் வழி செய்தது. கோர்ட்டுக்கு இன்னும் போக முடியாது. இங்கிலாந்தில் இதேபோல் இருந்த தடையை 1987இல் நீக்கிவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தடைச் சட்டமே கிடையாது. இறையாண்மைச் செயலுக்கு அரசு பொறுப்பில்லை என்ற பழைய வாதம் ஒன்று உண்டு, 1964 கஸ்தூரிலால் தீர்ப்பைக் காட்டுவார்கள். காயத்துக்குக் கட்டுப்போடுவதையும் லாரி ஓட்டுவதையும் போர் புரிவதோடு சேர்க்க முடியாது என்ற பக்கம்தான் பின்னாளில் நீதிமன்றங்கள் சாய்ந்திருக்கின்றன. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எழுதத்தான் செய்வார். பார்த்து மிரள வேண்டாம்.

எந்தக் கோர்ட் என்பது எப்படி அடிபட்டது என்பதைப் பொறுத்தது. மருத்துவத் தவறென்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கலாம். சாம்பா கார்ப்பரலைப் போலத் தவறு வெகுகாலம் கழித்துத் தெரியவந்தால், தெரிந்த நாளைச் சொல்லும் காகிதம், அதாவது பரிசோதனை ரிப்போர்ட், புகாரின் முதல் இணைப்பாக இருக்கட்டும். "இலவசச் சிகிச்சைதானே, நீ எப்படி நுகர்வோர்?" என்று கேட்பார்கள். ரயில்வே ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: ஊழியருக்கான மருத்துவமனைச் சிகிச்சை பணி நிபந்தனையின் ஒரு பகுதி, அது இலவசம் ஆகாது. எச்.ஐ.வி. சம்பந்தப்பட்ட வழக்கென்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் பெயரை மறைத்து விசாரிக்கக் கேட்கலாம். முதல் நாளே கேட்க வேண்டும், பெயர் இணையத்தில் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

படை வாகனம் மோதியோ கவிழ்ந்தோ அடிபட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ராணுவ வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அரசே கட்டும். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பின் மனுப்போட ஆறு மாத வரம்பு வந்திருக்கிறது, அதைக் கடக்க விடாதீர்கள். யூனிட் உள்விசாரணை நடத்துகிறது என்பதற்காக சிவில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடாமல் விடுவது வழக்கம். பின்னால் மனு நொண்டியடிப்பது அதனால்தான். குடும்ப பென்ஷன் வருகிறதே, அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு வாதிட்டால் 1998 ஹெலன் ரெபெல்லோ தீர்ப்பைக் காட்டுங்கள், கழிக்க முடியாது.

கருவியோ விமானமோ பழுதென்றால் என்ன செய்வது? 2005 ஜனவரியில் மிக் 21 விமானத்தில் தீப்பிடித்து வெளியே குதித்த விமானி ஒருவர் முதுகெலும்புக் காயத்தோடு பறக்கும் தகுதியை இழந்தார். உற்பத்திக் குறைதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பாதுகாப்பான பணிச்சூழல் படைவீரருக்கும் உண்டான உரிமை என்று சொல்லி, 2017 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் விமானத்தைத் தயாரித்த எச்.ஏ.எல். நிறுவனம் 50 லட்சமும் மத்திய அரசு 5 லட்சமும் கொடுக்கச் சொன்னது. உண்மை விவரங்களில் சண்டை இல்லாதபோது ரிட் மனு வேலை செய்யும். இருந்தால் சிவில் வழக்குத்தான். அதற்கு முன்னால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தொழிலாளி என்பதன் வரையறையிலேயே ஆயுதப்படையினரை விலக்கியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு கதவுக்கும் வெளியே நிற்பவர்களும் இருக்கிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இல்லை, மத்திய அரசு ஊழியர்களுக்கான சிறப்பு ஓய்வூதிய விதிகளும் உயர் நீதிமன்றமும்தான். நான்கு வருடப் பணிக்குச் சேரும் அக்னிவீரருக்கு மாத டிஸெபிளிட்டி பென்ஷன் கிடையாது. பணியால் வந்த குறைபாடு என்றால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒரே தடவையாக. அப்படியானால் பணியோடு தொடர்பில்லை என்று போர்டு எழுதும் அந்த ஒரு "ஆம்" அவருடைய மொத்தப் பணத்தையும் காலி செய்துவிடும். ஜவானைவிட அவருக்குத்தான் இன்ஜுரி ரிப்போர்ட் உயிர்நாடி. பயிற்சி அகாடமியில் அடிபட்டு வெளியேறிய கேடட்டுகள் நிலை இன்னும் மோசம். கமிஷன் ஆகவில்லை, அதாவது இன்னும் அதிகாரியாக நியமிக்கப்படவில்லை என்பதால் அவர்கள் முன்னாள் படைவீரரே இல்லையாம். 2025இல் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

இன்னும் பணியில் இருப்பவர் என்ன செய்வது? கேஸ் போட்டால் ஏ.சி.ஆர்., அதாவது பதவி உயர்வுக்குப் பார்க்கும் வருடாந்திர ரகசிய அறிக்கை, கெட்டுவிடும் என்று ஓய்வு வரை பொறுத்திருப்பார்கள். பொறுத்திருங்கள், அதில் தப்பில்லை. ராணுவச் சட்டத்தின் 26, 27ஆம் பிரிவுகளில் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், மருத்துவமனை கமாண்டன்ட் பெயருக்குக் கேஸ் ஷீட் நகல் கேட்டு ஒரு மனு எழுதி, இரண்டாவது பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மறுபடி தொலைந்து போகாத இடத்தில், டிரங்குப் பெட்டியில் இல்லாமல், ஊரில்.